வெந்நீர் ஊற்றெடுக்கும் ஊருக்குப் போய் வந்தோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



போன ஐப்பசி மாதம் நம்ம குழுக்கள்ல இருந்து 19 பேர் இமாச்சலப் பிரதேசத்துக்குப் போய் வந்தோம். அதைப் பத்திப் பேசச் சொல்லி இருக்காங்க. போய் வந்து இத்தனை மாசமாகியும் ரேஷன் கடை வரிசையில, நூறு நாள் வேலையில, எங்க பார்த்தாலும் இதைத்தான் கேட்கிறீங்க. அதனால மொத்தமா ஒரே தடவையில சொல்லிடுறேன்.

முதல்ல பணக் கணக்கு. ஏன்னா "குழுப் பணத்துல ஊர் சுத்துறாளுக"ன்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள நடந்துச்சு, இன்னும் நடக்குது. குழுவோட சேமிப்பில் இருந்தோ, உள்கடனில் இருந்தோ, வங்கிக் கடனில் இருந்தோ ஒரு பைசா எடுக்கவில்லை. சுற்றுலாச் சந்தா என்று தனியாக ஒரு கணக்கு வைத்தோம். மாதம் 300 ரூபாய், 30 மாதம். ஆளுக்கு 9,000 ரூபாய். விருப்பப்பட்டவங்க மட்டும் கட்டினாங்க. கறிவேப்பிலை வித்த காசு, பால் காசு, தையல் காசு. தீர்மானப் புத்தகத்தில் எல்லாம் இருக்கு, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். திரும்பி வந்ததும் மிச்சம் இருந்ததை ஆளுக்கு 640 ரூபாய் திருப்பியும் கொடுத்துட்டோம். ஆம்பளைங்க நாலு பேர் வேன் பிடிச்சுக் கோயில் குளம்னு போயிட்டு வந்தா யாரும் தீர்மானப் புத்தகம் கேட்கிறதில்ல. அது வேற விஷயம், விடுங்க.

மதுரையில ரயில் ஏறிச் சென்னை. அங்க இருந்து ராத்திரி 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு ராத்திரி, ஒரு பகல் ரயிலிலேயே போச்சு. புளிச்சோறும் சப்பாத்தியும் கட்டிக்கொண்டு போனதால் செலவு மிச்சம். டெல்லியில இருந்து மணாலிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல பஸ். ராத்திரி முழுக்க ஓடி, விடியும்போது பார்த்தா ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஆறு. அந்த ஆத்துக்குப் பேர் பியாஸ். 2023 ஜூலையில் அந்த ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து ரோட்டையும் கட்டடங்களையும் வாரிக்கொண்டு போனது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம், டிவியில காட்டினாங்க. அந்தத் தடம் இன்னும் பல இடத்துல தெரியுது. வீடு அளவுக்குப் பாறைங்க ஆத்துக்கு நடுவுல கிடக்கு.

மணாலி டவுனில் நாங்கள் தங்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், 3 கிலோமீட்டர் தள்ளி மலைச்சரிவில் ஒரு கிராமம் இருக்கிறது. வசிஷ்ட் என்று பேர். நம்ம வசிஷ்டர்தான். "வசிஷ்டர் வாயால் பிரம்மரிஷி"ன்னு பேச்சுக்குப் பேச்சு சொல்றோமே, அந்த முனிவர் பேரிலேயே ஊர். ஊர் நடுவில் அவருக்குக் கோயில். உயரம்னு பார்த்தா நம்ம கொடைக்கானல் அளவுதான், சுமார் 2,000 மீட்டர். ஆனா குளிர் அப்படி இல்ல. அங்க மார்கழி, தை மாசத்துல பனி கொட்டி வீட்டு வாசலை மூடிடும்.

கோயில் பெரிய கோபுரம், மதில் எல்லாம் வைத்தது கிடையாது. கல்லும் தேவதாரு மரமும் சேர்த்துக் கட்டியது. கதவு, தூண், சட்டம் எல்லாம் மர வேலைப்பாடு. உள்ளே வசிஷ்டர் கறுப்புக் கல் சிலையா, துணி உடுத்தி நிற்கிறார். பக்கத்திலேயே ராமர் கோயில். குருவும் சிஷ்யனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க மாதிரி. பழைய வீடுகளும் அப்படித்தான், ஒரு வரிசை கல், ஒரு வரிசை மரக்கட்டைன்னு மாத்தி மாத்தி அடுக்கியிருக்காங்க. சாந்து கிடையாது. கீழ்த்தளத்துல மாடு, மேல மனுஷங்க. மாட்டுச் சூடு மேல வரும்னு சொன்னாங்க. நம்ம கொட்டத்தை இடிச்சிட்டு கான்கிரீட் போட்டதை நெனச்சு ஒரு அக்கா பெருமூச்சு விட்டாங்க.

அந்த ஊர்க் கதையைச் சொல்லணும். மகாபாரதத்துலயே வருது. வசிஷ்டருக்கு நூறு பிள்ளைங்க. விசுவாமித்திரரோட பகையால அத்தனை பேரும் செத்துப் போனாங்க. துக்கம் தாங்காம அவர் உயிரை விடப் பார்த்தார். மலை உச்சியில இருந்து குதிச்சார், தீயில இறங்கினார், கடல்ல இறங்கினார், எதுவும் அவரை ஏத்துக்கல. கடைசியா உடம்பெல்லாம் கயித்தால கட்டிக்கிட்டு ஆத்துல விழுந்தார். ஆறு கட்டை எல்லாம் அவிழ்த்து அவரைக் கரையில கொண்டுவந்து விட்டுருச்சு. அதனால அந்த ஆற்றுக்கு விபாசா என்று பேர், கட்டை அவிழ்த்தவள் என்று அர்த்தம். அந்த விபாசாதான் இன்றைக்கு பியாஸ். பிரம்மரிஷிக்கே பிள்ளை போன துக்கம் தாங்க முடியலைன்னு கதை சொல்லுது பாருங்க. எங்ககூட வந்தவங்கள்ல ரெண்டு பேர் வளர்ந்த பிள்ளையைப் பறிகொடுத்தவங்க. பாலத்து மேல நின்னு இந்தக் கதையைக் கேட்டதும் அவங்க ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஆத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. நாங்க முன்னாடி நடந்துட்டோம்.

இனி வெந்நீருக்கு வர்றேன். அதுக்குத்தானே போனோம்.

அந்தக் கோயிலை ஒட்டியே வெந்நீர் ஊற்று இருக்கிறது. ராமர் வனவாசத்துக்கு அப்புறம் லட்சுமணன் இங்க வந்தப்ப, குரு குளிர்ல ஆத்துக்கு நடந்து போறதைப் பார்த்து, தரையில அம்பு விட்டு வெந்நீரை வரவழைச்சார்னு அந்த ஊர் நம்பிக்கை. படித்தவர்கள் சொல்கிற காரணம் வேறு. மழைத் தண்ணீரும் பனி உருகின தண்ணீரும் பாறை வெடிப்பு வழியாக ரொம்ப ஆழத்துக்கு இறங்குகிறது. ஆழத்தில் பூமிக்குள் இருக்கிற சூட்டில் காய்கிறது. காய்ந்த தண்ணீர் வேறு ஒரு பிளவு வழியாக மேலே ஏறி வந்துவிடுகிறது. அடியில எரிமலை எல்லாம் ஒன்னும் இல்ல. வரும்போது பாறையில இருக்கிற கந்தகத்தையும் கரைச்சுக்கிட்டு வருது, அதான் கிட்டப் போனதும் தீக்குச்சி கிழிச்ச மாதிரி ஒரு வாடை.

வெந்நீர்னா நம்ம வீட்டுல என்ன? யோசிச்சுப் பாருங்க. நம்ம அம்மாக்கள் காலத்துல சீமைக்கருவை விறகு வெட்டி, முள்ளு குத்தின கையோட தலைச்சுமையா கொண்டுவந்து, ஊதி ஊதிப் பத்தவச்சு, அண்டாவில காய்ச்சுவாங்க. முதல் வாளி வீட்டுக்காரருக்கு. அப்புறம் மாமியாருக்கு. அப்புறம் பிள்ளைகளுக்கு. கடைசியில அண்டா அடியில நாலு செம்பு மிஞ்சினா அதுல பச்சத் தண்ணியைக் கலந்து நமக்கு. பிள்ளை பெத்த பத்து நாளும்தான் ஒரு பொம்பளைக்குன்னு தனியா வெந்நீர் போட்டது. இப்ப கேஸ் வந்துருச்சு, சில வீட்டுல ஹீட்டர் வந்துருச்சு. வரிசை மட்டும் பல வீட்டுல இன்னும் அப்படியேதான் இருக்கு.

அங்கே ராத்திரி பகல் என்று இல்லாமல் தண்ணீர் சூடாக ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிக்கக் காசு கிடையாது. ஆண்களுக்குத் தனித் தொட்டி, பெண்களுக்குத் தனித் தொட்டி. சுத்திலும் சுவர், மேல வானம். தொட்டிக்குள்ள சோப்புப் போடக் கூடாது. வெளியில கழுவிட்டுத்தான் இறங்கணும். கோயிலுக்கு வெளியே குழாய் மாதிரி வாய்கள் வைத்து அதே வெந்நீரை விட்டிருக்கிறார்கள். அங்க ஊர்ப் பெண்கள் துணி துவைக்கிறாங்க, கம்பளி அலசுறாங்க, பாத்திரம்கூட விளக்குறாங்க. எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் கை வைக்கிறதுக்கு முன்னாடியே போயிடுது.

நாங்க விடியக்காலையிலேயே போயிட்டோம். உள்ள பத்துப் பதினைஞ்சு பெண்கள் ஏற்கெனவே இருந்தாங்க. ஊர்ப் பாட்டிகள், பஞ்சாப் பக்கத்துப் பெண்கள், வெள்ளைக்காரப் பொண்ணு ஒன்னு. ஒருத்தரும் ஒருத்தரையும் உத்துப் பார்க்கல. நம்ம ஆளுங்கதான் பாவாடையை நெஞ்சு வரைக்கும் ஏத்திக் கட்டிக்கிட்டு, அதுக்கு மேல துண்டு, அதுக்கு மேல இன்னொரு துண்டுன்னு போர்த்திக்கிட்டு நின்னாங்க. முதல்ல காலை வச்சதும் "ஆத்தாடி"ன்னு எடுத்துட்டாங்க, அவ்வளவு சூடு. கால், முழங்கால், இடுப்புன்னு படிப்படியா இறங்கணும். இறங்கி உட்கார்ந்ததும் மூணு நாள் பயண அலுப்பு போன இடம் தெரியல. குளிர்ந்த காத்து முகத்துல அடிக்குது, கழுத்துக்குக் கீழ சூடு. தலைக்கு மேல ஆவி போகுது, ஆவிக்கு அந்தப் பக்கம் பனி மலை தெரியுது.

இப்ப ஒரு அக்காவைப் பத்திச் சொல்லணும். அவங்க சம்மதம் வாங்கித்தான் சொல்றேன், சொல்லச் சொன்னதே அவங்கதான். பேர் மட்டும் மலர்ல போட வேணாம்னு சொல்லியிருக்காங்க.

நாலு வருஷத்துக்கு முன்னாடி அவங்களுக்கு மார்புல கட்டி வந்து, பெரியாஸ்பத்திரியில இடது பக்க மார்பை எடுத்துட்டாங்க. மருந்து ஏத்தி, முடி எல்லாம் கொட்டி, மறுபடி முளைச்சு, இப்ப நல்லா இருக்காங்க. குழுக் கூட்டத்துக்கு ஒரு நாள் தவறினதில்ல. ஆனா அந்த ஆபரேஷனுக்கு அப்புறம் அவங்க எந்த இடத்துலயும் எங்ககூடக் குளிச்சதில்ல. குற்றாலம் போனப்பவும் சரி, ராமேஸ்வரம் போனப்பவும் சரி, "நீங்க போங்கடி, நான் மூட்டையைப் பார்த்துக்கிறேன்"னு உட்கார்ந்துருவாங்க. எங்க போனாலும் மூட்டைக்குக் காவல் அவங்கதான். எங்களுக்கும் அது பழகிப் போச்சு. யாரும் ஏன்னு கேட்கிறதில்ல, கேட்டா வருத்தப்படுவாங்கன்னு.

இங்கயும் அதே மாதிரி உள்ள வந்து, சுவர் ஓரத்துல எங்க பையை எல்லாம் மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க. தொட்டியில இருந்த பாட்டி ஒருத்தி அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. எழுபது வயசு இருக்கும். எழுந்து போய், ஒரு வார்த்தை பேசாம, அக்கா மடியில இருந்த பையை ஒன்னொன்னா எடுத்து மேல திண்டுல வரிசையா வச்சா. வச்சிட்டு, படியைக் கையால தட்டிக் காட்டினா, வந்து உட்காருன்னு. அக்கா தலையை ஆட்டினாங்க. ரவிக்கையைத் தொட்டு, இங்க ஆபரேஷன்னு கையால காட்டினாங்க. அந்தப் பாட்டி திரும்பித் தன் முதுகைக் காட்டினா. தோள்ல இருந்து விலா வரைக்கும் தீக்காயத் தழும்பு. "தந்தூர், தந்தூர்"ன்னு சொன்னா. குளிர் காலத்துல வீட்டுக்குள்ள விறகு போட்டு எரிக்கிற இரும்பு அடுப்புக்கு அந்தப் பக்கம் தந்தூர்னு பேர். சின்ன வயசுல அதுல விழுந்திருக்கா.

அக்கா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் எழுந்து, துண்டை மட்டும் சுத்திக்கிட்டு வந்தாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட அவங்க கேட்டிருக்காங்க, எங்களுக்கே தெரியாம. அதை நெனச்சாத்தான் எனக்கு மனசு என்னவோ பண்ணுது. குளிக்கணும்னு ஆசை இருந்துதானே கேட்டிருக்காங்க? டாக்டர் சொன்னது இதுதான். ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையைச் சூட்டுத் தண்ணியில முக்கக் கூடாது, கை வீங்கிடும். தழும்பு இருக்கிற இடத்துல உணர்ச்சி குறைவு, சூடு தெரியாம வெந்து போகலாம். அதனால இடுப்புக்கு மேல தண்ணி வேணாம், ரொம்ப நேரம் வேணாம். அதே மாதிரிதான் இறங்கினாங்க. படியில இடுப்பளவு தண்ணியில உட்கார்ந்து, இடது கையை என் தோள் மேல போட்டுக்கிட்டாங்க. பத்து நிமிஷம் அப்படியே இருந்தோம். துண்டு நழுவுச்சு, அதை இழுத்துவிடல. பாட்டி கையில தண்ணி எடுத்துக் கொஞ்சம் ஆறவிட்டு அவங்க முதுகுல ஊத்தினா. "அந்த இடத்துல ஒன்னும் தெரியலடி, சுத்தித்தான் சுடுது"ன்னு அக்கா சொன்னாங்க. சொல்லிட்டுச் சிரிச்சாங்க. அன்னிக்கு எங்க 19 பேர்ல மூட்டை பார்த்துக்க ஆளே இல்ல. ஒரு பையும் தொலையவும் இல்ல.

மறுநாள் துவைக்கிற இடத்துல ஊர்ப் பெண்களோட உட்கார்ந்து பேசினோம். எங்க கூட வந்த ஒரு அக்கா, வீட்டுக்காரர் மிலிட்டரியில இருந்ததால பதான்கோட்டுல ஏழு வருஷம் குடித்தனம் பண்ணினவங்க. அவங்கதான் எங்களுக்கு மொழி. அந்தப் பெண்கள் பட்டுன்னு ஒரு கம்பளித் துணியைச் சேலைக்கு மேல போர்த்தின மாதிரி உடம்பைச் சுத்தித் தோள்ல ரெண்டு பக்கமும் ஊசி போட்டுக் கட்டுறாங்க. நம்ம பட்டு இல்ல, கம்பளிக்குத்தான் அந்தப் பேர். தலையில கைக்குட்டை மாதிரி ஒரு துணி. முதுகுல கூம்பு மாதிரிக் கூடை, அதுக்குப் பேர் கில்டா. அதுலதான் புல்லு, விறகு, எரு, ஆப்பிள் எல்லாம் மலை ஏறி இறங்குது. கை சும்மா இருக்கிறதில்ல, நடந்துக்கிட்டே காலுறை பின்னுறாங்க. தெருவுல சிலர் புசுபுசுன்னு அங்கோரா முயலைக் கையில வச்சுக்கிட்டு, போட்டோ எடுத்துக்கோன்னு கூப்பிட்டுக் காசு வாங்குறாங்க. நம்ம ஆள் ஒருத்தி முயலைப் பார்த்ததும் கறி விலை கேட்டுட்டா. நல்லவேளை, மொழி புரியல.

அவர்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒன்று. பனிக் காலத்துல வீட்டுக் குழாய்த் தண்ணி உறைஞ்சு போயிடுமாம். அப்ப இந்த ஊத்துதான் துவைக்க, குளிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாத்துக்கும். "இது மட்டும் இல்லேன்னா விறகுக்கே எங்க ஆயுசு போயிருக்கும்"னு ஒரு பெண் சொன்னா. சுத்துலாக்காரங்க நாம குளிச்சிட்டு வந்துடுறோம். அவங்களுக்கு அது தினசரி வாழ்க்கை. அங்கயும் கிராமத்துக் கிராமம் பெண்கள் சங்கம் இருக்கு, மகிளா மண்டல்னு பேர். எங்க கிட்டப் பேசினவங்களும் அதுல உறுப்பினர்கள்தான். கல்யாணத்துக்குப் பெரிய பாத்திரம் வாங்கி வச்சு வாடகைக்கு விடுறதா சொன்னாங்க. நம்ம கூட்டமைப்பும் அதைத்தான் செய்யுதுன்னு சொன்னதும் ஒரே சிரிப்பு. அண்டா ஓட்டையாகி வந்தா யார் காசு கொடுக்கிறதுங்கிற சண்டை அங்கயும் இருக்கு.

நிறையப் பேர் கேட்கிறீங்க, "அந்தத் தண்ணியில குளிச்சா மூட்டு வலி போயிடுமாமே?" நான் உள்ளதைச் சொல்றேன். குளித்த அன்றைக்கு வலி குறைகிறது. சூடு பட்டால் தசை இளகும், எந்த வெந்நீருக்கும் அது உண்டு. எனக்கு மறுநாள் மணாலியில இடும்பி கோயிலுக்குப் படியேறினதும் முழங்கால் வலி பழையபடி வந்துருச்சு. (1553ல கட்டின மரக் கோயில் அது. பீமன் மனைவி இடும்பிக்குக் கோயில் கட்டிக் கும்பிடுறாங்க.) கந்தகத் தண்ணி தோலுக்கு நல்லதுன்னு காலங்காலமா நம்பிக் குளிக்கிறாங்க. சர்க்கரை வியாதி உள்ளவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அவங்க காலை வைக்காம முதல்ல முழங்கையால சூடு பார்க்கணும், இல்ல பக்கத்துல உள்ளவங்களைப் பார்க்கச் சொல்லணும். பிரஷர் உள்ளவங்க பத்து நிமிஷத்துக்கு மேல உட்காரக் கூடாது, எழும்போது சட்டுனு எழக் கூடாது. எங்கள்ல ஒருத்தங்களுக்கு எழுந்ததும் தலை சுத்தி, பிடிச்சு உட்கார வச்சோம். கர்ப்பிணிகள் இறங்கவே வேணாம்.

அங்கிருந்து மணிகரண் போனோம். குல்லுவுக்குத் தெற்கே புந்தர் என்ற ஊரில் திரும்பி, பார்வதி ஆற்றோரமாக 35 கிலோமீட்டர். ரோடு ஒடுக்கம், நான் பாதி வழி கண்ணை மூடிக்கிட்டேன். பார்வதியோட காதணி மணி அங்க தண்ணியில விழுந்துருச்சு, ஆதிசேஷன் சீறினதுல மணிகளோட வெந்நீரும் பொங்கி வந்துச்சுன்னு கதை. அங்கே தண்ணீர் வசிஷ்ட் மாதிரி இல்லை, உண்மையாகவே கொதிக்கிறது. ஒரு பக்கம் ஐஸ் மாதிரி ஆறு ஓடுது, பத்தடி தள்ளிப் பாறைக்குள்ள உலை கொதிக்குது. சிவன் கோயில், ராமர் கோயில், சீக்கியரோட குருத்வாரா எல்லாம் பக்கத்துப் பக்கத்துல.

சின்னத் துணிப் பையில அரிசி, கடலை போட்டு விக்கிறாங்க. நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள விட்டுட்டு நிக்கணும். அரை மணி நேரம்கூட ஆகல, சோறு வெந்துருச்சு. ஒரு குச்சி விறகு கிடையாது, ஒரு பொட்டுப் புகை கிடையாது. குருத்வாராவுல தினமும் வர்றவங்களுக்கு எல்லாம் போடுற சாப்பாட்டுக்கும் பெரிய பெரிய பாத்திரங்களை அந்தத் தண்ணியிலேயே இறக்கி வச்சு வேகவைக்கிறாங்க. தரையில வரிசையா உட்கார்ந்து சாப்பிட்டோம். யாரு, எந்த ஊரு, எந்தச் சாமின்னு ஒருத்தரும் கேட்கல. ஆம்பளைங்களும் சப்பாத்தி தேய்க்கிறாங்க, பாத்திரம் கழுவுறாங்க. எங்க அக்கா ஒருத்தங்க ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கிட்டு, "இதை ஒரு போட்டோ எடுடி, ஊர்ல நம்ப மாட்டாங்க"ன்னாங்க. எடுத்தோம். போட்டோ அலுவலகத்துல இருக்கு.

வழியில நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்னைப் பார்த்ததையும் சொல்லிடுறேன். புட்டிகோன்னு பேர். பேரைக் கேட்டதும் நம்ம ஆளுங்க வேற எதையோ நெனச்சுச் சிரிச்சாங்க. புட்டி என்பது ஒரு கிராமத்தின் பேர். 1944இல் அந்தக் கிராமத்து நெசவாளர்கள் 12 பேர் சேர்ந்து ஆரம்பித்த சங்கம். 12 பேர்னா நம்ம ஒரு குழு அளவு, கவனிச்சுக்குங்க. நடுவில் படுத்துவிட்டது. 1956இல் வேத் ராம் தாக்கூர் என்பவர் பொறுப்புக்கு வந்து மறுபடி நிமிர்த்தினார். இன்னிக்கு நாட்டுல பல ஊர்ல அவங்களுக்குச் சொந்தக் கடை இருக்கு. குல்லு சால்வைக்கு, நம்ம மதுரை மல்லிக்கு வாங்கின மாதிரி, புவிசார் குறியீடும் வாங்கியிருக்காங்க. ஓரத்துல பட்டை பட்டையா வர்ற பூவேலை எல்லாம் கைத்தறியில ஒவ்வொரு நிறமா கோத்து நெய்யுறது.

ஆனா மணாலிக் கடைத்தெருவுல குல்லு சால்வைன்னு சொல்லி மில்லுல நெய்ததைக் குவிச்சு வச்சுக் கால் விலைக்கு விக்கிறாங்க. நம்மள்ல நாலு பேர் அதைத்தான் வாங்கினாங்க. வாங்கினதைக் குறை சொல்லல, 9,000 ரூபாயில வந்தவங்க விலையைத்தான் பார்ப்பாங்க. நான் சொல்ல வந்தது, நம்ம கூடை, நம்ம ஊறுகாய், நம்ம சணல் பை கண்காட்சியில விக்காம நிக்கும்போது, வாங்க வந்தவங்க மேல நாம கோபப்படுறோமே, அங்க நாமளும் அந்த இடத்துலதான் நின்னோம். புட்டிகோ ஆளுங்க என்ன செய்யுறாங்க? ஒவ்வொரு சால்வையிலும் முத்திரை தச்சிருக்காங்க. கடையிலேயே தறியைப் போட்டு நெய்து காட்டுறாங்க. இழையைப் பிரிச்சுக் கையில கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொல்றாங்க. அப்புறம்தான் விலை சொல்றாங்க. நம்ம கூடைக்கு அப்படி ஒரு முத்திரை போடுறதைப் பத்தி அடுத்த செயற்குழுவுல பேசணும்னு ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருக்கேன். தலைவி அக்கா மேடையிலேயே இருக்காங்க, மறந்துடாதீங்க அக்கா.

நேரம் ஆச்சுன்னு பொருளாளர் மணி காட்டுறாங்க. இன்னும் ரெண்டே விஷயம்.

அடுத்த சுற்றுலாச் சந்தா தை மாதத்தில் இருந்து ஆரம்பம். அதே 300 ரூபாய். போன தடவை வந்தவங்களுக்கு முன்னுரிமை கிடையாது, வராதவங்களுக்குத்தான் முதல் இடம். பேர் கொடுக்கிறவங்க வீட்டுல கேட்டுட்டு வர்றேன்னு சொல்லிட்டு மூணு மாசம் இழுக்காதீங்க. வீட்டுல சொல்லிட்டு வாங்க.

இன்னொன்னு, அந்த அக்கா சொல்லச் சொன்னது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு மார்பகப் பரிசோதனையும் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும் இலவசமா செய்யுறாங்க. நாங்க திரும்பி வந்த பிறகு எங்க குழுவுல இருந்து ஏழு பேர் போனோம். ஒருத்தருக்குச் சின்னக் கட்டி இருந்து, பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்து, ஒன்னும் இல்லைன்னு சொல்லிட்டாங்க. அந்தப் பதினஞ்சு நாளும் அவங்க கூடவே அலைஞ்சது அந்த அக்காதான். தனியாப் போகக் கூச்சமா இருக்கிறவங்க, பயமா இருக்கிறவங்க செவ்வாய்க்கிழமை காலையில 9 மணிக்கு நம்ம கூட்டமைப்பு அலுவலகத்துக்கு வந்துடுங்க. அவங்க அங்க இருப்பாங்க, கூடவே வருவாங்க. பஸ் காசு மட்டும் எடுத்துட்டு வாங்க.